மெதுவாகப் பேசுகிற ஸ்பீக்கர்

மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அபார்ட்மெண்ட் செயலாளர் எங்கள் வாசலில் நின்று சொன்னபோது, என் வீட்டுக்காரர் உள்ளே டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் செயலாளர் வந்ததே தெரியாது. அவர் காதில் விழ வேண்டுமென்றால் செயலாளர் கத்தியிருக்க வேண்டும். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்தவர் எப்படிக் கத்துவார்? எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஓனரு பெங்களூர்ல இருந்து போன் பண்ணிட்டாருங்க. பக்கத்து வூட்டுத் தம்பி நைட் ஷிஃப்ட் போறாரு, பகல்லதான் தூங்கணும். உங்க வூட்டு டிவி அவரு தலமாட்டுல வந்து பேசுது. இதுக்கு மேல நான் என்னம்மா பண்றது?"

"கொறைக்கச் சொல்றேங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

உள்ளே போய் டிவியை அணைத்தேன். "எதுக்கு அமத்தற?" என்று கேட்டார். "காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றேன். "யாரு?" என்றார். அப்புறம், "அவங்க வூட்ல மிக்ஸி ஓடலையா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினவர். பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார், கொச்சிக்குப் போவார். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்ந்த மனுஷனுக்குக் காது எப்படி இருக்கும்? அது எனக்குத் தெரியும், எங்கள் மகளுக்குத் தெரியும், மேல் மாடியில் துணி காயப்போட வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. "டிவிக்காரங்க இப்பெல்லாம் முணுமுணுன்னு பேசறாங்க. முந்தி மாதிரி வாயத் தொறந்து பேசறதில்ல" என்பார். காது டாக்டரிடம் போகலாம் என்றால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். காதில் மாட்டிக் கேட்கிற ஹெட்போன் ஒன்றை மகள் சேலத்திலிருந்து வாங்கி வந்தாள். "என்னைச் செவுடன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று அதை அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே விடவில்லை.

இதற்கு முன்னால் இருந்த வீட்டையும் இந்தச் சத்தத்துக்காகத்தான் விட்டோம். அங்கே நேராகச் சொல்லவில்லை. மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். கல்யாணமும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, இன்றைக்கும் வேறு யாரோ அங்கே குடியிருக்கிறார்கள். கேஸை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகும் இறங்கி வந்து பார்க்கிற ஆள் நான். இரண்டு வயசானவர்கள், அதில் ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருத்திக்கு மூட்டு வலி, யார் வீடு தருவார்கள் என்ற யோசனை வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வீட்டில் தண்ணீர் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். லிஃப்ட் இருக்கிறது, பாதி நாளாவது ஓடுகிறது. இதை விட்டுப் போக மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

மகள் போனில் ஒரு வழி சொன்னாள். இப்போது வருகிற டிவியில் ஸ்பீக்கர் பின்பக்கம் இருக்கிறதாம், சுவரைப் பார்த்துப் பேசுகிறதாம். தனியாக நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் பேச்சு தெளிவாக இருக்கும், தெளிவாக இருந்தால் அப்பா சத்தத்தைக் கூட்ட மாட்டார் என்றாள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இது புரிந்தது. சத்தம் வேறு, தெளிவு வேறு.

அந்த வித்தியாசம் ஸ்பீக்கர் விற்கிறவனுக்குப் புரியாது என்பதை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் போய்த் தெரிந்துகொண்டேன்.

இருவரும்தான் போனோம். கடை முழுக்கக் கறுப்பு டப்பாக்கள். சில இடுப்பு உயரம் இருந்தன, சிலவற்றில் கலர் விளக்கு சுற்றியது. விற்கிறவர் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பாட்டைப் போட்டார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மேஜை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. என் வயிற்றுக்குள் யாரோ குத்துவது போல இருந்தது.

"பேஸ் எப்படிங்க?" என்று சிரித்தார். பேஸ் என்றால் அந்தக் குத்து.

"மெதுவா வெச்சா எப்படி இருக்கும்னு காட்டுங்க" என்றேன்.

"என்னாங்கக்கா?"

"சத்தத்தக் கொறச்சி வெச்சிக் காட்டுங்க. மெதுவா வெச்சாலும் பேசறது வெளங்கணும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மெதுவா கேக்கறதுக்கு எதுக்குண்ணா ஸ்பீக்கரு? போன்லயே கேக்கலாமே. அக்கா மாருதி காருக்கு வந்துட்டு லாரி ஷோரூம்ல நிக்கறாங்க."

இவர் சிரித்தார். லாரி என்ற வார்த்தையைக் கேட்டால் போதும், இவருக்கு அவன் சொந்தக்காரன். இரண்டு பேரும் சேர்ந்து வாட்ஸ் பற்றிப் பேசினார்கள். எதில் அதிகம் வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதோ அதுவே நல்லது என்று முடிவானது. சுவரில் மாட்டுகிற இரண்டு ஸ்பீக்கர், தரையில் வைக்கிற ஒரு வூஃபர், அந்தக் குத்து வருவது அதிலிருந்துதான். ஆட்டோவில் ஏற்றும்போதே சொன்னேன், இது வேண்டாம் என்று. "ஒனக்கு எதுலயும் பயம்" என்றார். பயம்தான். நான் பயந்தது எதுவும் நடக்காமல் போனதில்லை.

வீட்டில் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் எங்கே மாட்டுவது என்று கேட்கக்கூட இல்லை. ஏணியைப் போட்டு நேராகப் பரணுக்குப் பக்கத்தில் சுவரின் உச்சியில் டிரில் போட்டார். நாங்களும் தடுக்கவில்லை. ஸ்பீக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் அது உயரத்தில்தான் இருக்க வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்கும் சரி, காது குத்துக்கும் சரி, சாவுக்கும் சரி, குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்து உச்சியில் கட்டித்தான் பார்த்திருக்கிறோம். அது நாலு ஊருக்குக் கேட்கட்டும் என்று கட்டுவது. ஒரே ஒரு ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று வாங்கியதையும் அதே போல உச்சியில் கட்டினோம். அந்த அபார்ட்மெண்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்பீக்கர் கூரையை ஒட்டித்தான் தொங்குகிறது, கீழே காது வைத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டுப் படுக்கையறை.

மறுநாள் மத்தியானம் காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண். என் மகளைவிடச் சின்னவள், முகத்தைப் பார்த்தாலே சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நானும் தயாராகத்தான் இருந்தேன். ஊரில் இல்லாத ஸ்பீக்கரையெல்லாம் வாங்கி மாட்டியாயிற்று, இன்னும் என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"அக்கா, ஒரு நிமிசம் எங்க வூட்டுக்கு வாங்க. ஒண்ணும் பேச வேணாம். வந்து கேளுங்க, போதும்."

போனேன். படுக்கையறையில் அவள் வீட்டுக்காரர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. ஓசூரில் ஏதோ கம்பெனியில் இரும்புத் தகட்டை அமுக்குகிற பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். சாயங்காலம் கம்பெனி வேன் ஏறினால் விடிந்துதான் திரும்பி வருவார்.

"செவுத்துல கை வைங்கக்கா" என்றாள்.

வைத்தேன். சுவர் அதிர்ந்தது. நிஜமாகவே உள்ளங்கையில் தெரிந்தது. என் வீட்டு ஹாலில் கேட்பதைவிட இங்கே சத்தம் அதிகமாக இருந்தது. செய்தி வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. உம், உம், உம் என்று பானைக்குள் யாரோ பேசுவது போல. இடையிடையே விளம்பரம் வந்தபோது டம் டம் என்று கட்டில் கால் வழியாகவே ஏறியது.

"நேத்து வரைக்கும் தலமாட்டுலதான் கேட்டுச்சு. இப்ப மண்டைக்குள்ளயே வந்துருச்சு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "தூக்கம் இல்லாம பிரஸ்ல நின்னா கை போயிடும்க்கா. எனக்கு முன்னாடி நின்னவருக்கு ரெண்டு வெரலு இல்ல."

நான் அவர் விரல்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனது, அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. சண்டை போடத் திறந்த வாயோடு, "மோர் இருக்கா, குடிச்சிட்டுப் படுங்க தம்பி" என்று உளறிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வூஃபரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்டூல் மேல் ஏறி ஸ்பீக்கர் ஒயர்களை இழுத்தேன்.

"ஏ புள்ள, பைத்தியமா ஒனக்கு?"

"ஆமா. உங்களோட இருந்தா வேற என்ன ஆகும்?"

"இப்பத்தான் நல்லாக் கேக்குது."

"எல்லாருக்கும் நல்லாக் கேக்குது. கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற வாட்ச்மேனுக்கும் நல்லாக் கேக்குது. உங்களுக்குக் கேக்கலைன்னு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சி போவீங்க?"

"செவுடன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்."

"செவுடுதான்" என்றேன்.

முதல் தடவையாகச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லாரி ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஓட்டுவதை விட்ட பிறகும் அங்கேதான் போய் உட்காருவார். அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். சுவரில் மாட்டியதை எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன். "மெதுவா கேக்கற அக்கா இப்ப சத்தமாப் பேசறாங்க" என்று அதே ஆள் பின்னாலிருந்து சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நாலு ரோடு சந்திப்பு வரைக்கும் காதிலேயே இருந்தது.

நாலு ரோட்டுப் பக்கத்தில் வேறொரு கடைக்கு ஏறினேன். இந்தத் தடவை யாரையும் கூட்டிப் போகவில்லை. என் போனில் ஒரு செய்தி வாசிப்பை எடுத்து வைத்திருந்தேன். பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும், பேச்சில்தான் வண்டவாளம் தெரியும் என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கை வைத்தபோதே புரிந்துவிட்டது.

"மொதல்ல அந்த டிவியெல்லாம் நிறுத்துங்க" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஃபேன் ஓடட்டும், எங்க வூட்லயும் ஓடும். கதவச் சாத்துங்க. இந்தச் செய்தியப் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஏத்தாதீங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஸ்பீக்கரை என் காது உயரத்துக்கு வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் போட்டார். நீளமாக ஒரு பட்டை மாதிரி இருந்தது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சன்னமாக வைத்தால் குரல் அமுங்கியது. பெரிய டப்பாக்களைச் சத்தம் குறைத்தால் அந்த ஆள் வாயில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"என்னக்கா, பரீட்சைக்கா கேக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. பெயிலானா வூட்டக் காலி பண்ணணும்."

அதற்கப்புறம் அவர் கிண்டல் செய்யவில்லை. மேல் தட்டிலிருந்து தூசியோடு ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கீழே ஒரு வட்டம், மேலே ரூபாய் நாணயம் மாதிரி இன்னொரு குட்டி வட்டம். கம்ப்யூட்டருக்கு வாங்குவார்கள், இப்போது யாரும் கேட்பதில்லை, இதில் அதிர்வு வராது என்றார். அதிர்வு வராது என்பதைக் குறையாகச் சொன்னார். போட்டார். மழை, அணை, நீர்வரத்து என்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. இன்னும் குறைக்கச் சொன்னேன். அப்போதும் விழுந்தது. இன்னும் குறைக்கச் சொன்னேன். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம் இல்லை. இது ஒரு தட்டில் தூசி படிந்து கிடக்க, ஊர் முழுக்கச் சுவரை இடிக்கிற டப்பாவை விற்கிறார்களே என்ற ஆத்திரம்.

வீட்டில் அவர் உட்காருகிற நாற்காலிக்கு வலது பக்கத்தில்தான் பிளக் பாயிண்ட். அங்கே ஸ்டூல் போட்டு, பழைய துண்டை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்தேன், துண்டு இருந்தால் அதிர்வு தரையில் இறங்காது என்று நானாக யோசித்தது. இன்னொன்றை அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன். செய்தியைப் போட்டேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

கொஞ்சம் ஏற்றினேன்.

"கேக்கல. என்ன எளவு டப்பா இது? ரேடியோ பெட்டி மாதிரி."

கடையில் அத்தனை தெளிவாகக் கேட்டது. கோபத்தில் ஸ்டூலோடு தூக்கினேன். எங்கே வைப்பது என்றுகூட யோசிக்கவில்லை, ஒயர் எட்டியவரை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் டப்பென்று வைத்தேன்.

"கொற, கொற" என்றார்.

நான் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். ஏதோ அணையில் தண்ணீர் திறந்த செய்தியை உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரியில் டிரைவர் சீட் வலது பக்கம். ஜன்னல் திறந்தே இருக்கும். தொப்பூர் மலை இறக்கத்தில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் ஹாரனை அந்தக் காதுக்குள்தான் ஊதிவிட்டுப் போகும். காற்று, தூசி, ஹாரன் எல்லாம் அந்தப் பக்கம். இத்தனை வருஷம் அவரோடு இருந்தும், காதும் இரண்டு இருக்கிறது, போனது எது என்று நானும் கேட்டதில்லை, சொல்ல வேண்டியவரும் சொன்னதில்லை.

"எந்தக் காதுங்க போச்சு?" என்று கேட்டேன்.

செய்தியை நிறுத்தினார். எழுந்து பால்கனிக்குப் போனார். அன்றையிலிருந்து அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. டிவியும் போடவில்லை. சத்தம் நின்றதே என்று பக்கத்து வீட்டார் நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த அமைதியைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு மனுஷன் தன் வீட்டில் நாலு வார்த்தை கேட்க வழி செய்து வைத்தால், தோற்றுப் போனவன் மாதிரி சோபாவில் போனை வெறித்துக்கொண்டு கிடந்தார். டிவியே போடாமல் எத்தனை நாள் இருப்பார்? ஒருநாள் போடுவார், முன்போலவே போடுவார், அன்றைக்குச் சாமானைக் கட்ட வேண்டியதுதான்.

மாதக் கடைசியில் செயலாளர் வந்தார். பக்கத்து வீட்டுத் தம்பியும் கூட வந்தார், அன்றைக்கு அவருக்கு லீவு. ஓனரிடம் பதில் சொல்ல வேண்டும், அதனால் டிவியை எப்போதும் போல் போடச் சொல்லுங்கள், தம்பி போய்த் தன் படுக்கையறையில் கேட்டுச் சொல்லட்டும் என்றார் செயலாளர். தம்பி போனார்.

என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து அசையவில்லை. சோபாவிலிருந்து கேட்க வேண்டுமென்றால் பழைய சத்தம்தான் வைக்க வேண்டும். நான் டிவியைப் போட்டுச் சத்தத்தை அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்தேன். இவர் எழுந்து வருவாரா, ரிமோட்டைப் பிடுங்கி ஏற்றுவாரா என்று தெரியவில்லை.

செயலாளர், சும்மா நிற்பானேன் என்று, நாற்காலிக்கு இடது பக்கம் கிடந்த ஸ்பீக்கர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளி அங்கே ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு உட்காரப் போனார்.

"அங்க உக்காராதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏண்ணே?"

இவர் எழுந்து வந்தார். ஸ்டூலைத் திரும்ப இழுத்து வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கந்தான் எனக்குக் கேக்கும். இந்தக் காது போயிருச்சுங்க. ஜன்னப் பக்கத்துக் காது."

செயலாளர் மோடாவை எடுத்துத் தள்ளிப் போட்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதை மறைக்க, "அப்ப அடுத்த சங்கக் கூட்டத்துல என்னை உங்க வலது பக்கம் உக்கார வெச்சிடுங்கண்ணே. நீங்களாவது என் மேல கோவப்படாம இருப்பீங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை நாள் வாசலில் நின்று மிரட்டியவர் இன்றைக்குச் சிரிப்புக் காட்டினால் நானும் சேர்ந்து சிரிக்க வேண்டுமா?

செயலாளரின் போன் அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து அந்தத் தம்பி. ஸ்பீக்கரில் போட்டார்.

"டிவிய எப்ப சார் போடுவாங்க? நான் படுத்துக் காத்துட்டிருக்கேன்."

"போட்டு அஞ்சு நிமிசமாவுதுப்பா."

"அப்ப நான் தூங்கிடட்டுமா சார்?" என்றார்.

செயலாளர் அங்கேயே நின்று பெங்களூருக்குப் பேசினார். பிரச்சினை தீர்ந்தது என்றார். ஓனர், "சரி, இருக்கட்டும், பாக்கலாம்" என்றாராம். பாக்கலாம் என்றால் என்ன? என்னத்தைப் பார்ப்பார்? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இன்னும் எத்தனை மாதம் தூக்கம் இல்லாமல் கிடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? ஆனாலும் சாமான் கட்ட வேண்டியதில்லை. செயலாளருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்.

அவர் போன பிறகு இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். செய்தி முடிந்து பாட்டு ஓடியது. என் கால் நடக்கிற சத்தம் அந்தப் பாட்டுக்கு மேல் கேட்டது.

"இந்தா" என்றார். "இந்தக் காது விஷயம் ஸ்டாண்டுல யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்கு ஆத்திரம் விட்ட இடத்திலிருந்து திரும்பவும் ஏறியது. வீடு போகிற நிலைமை வரைக்கும் வாயைத் திறக்காத ஆள், ஊரான் முன்னால் சொன்ன ஆள், இன்னும் அந்த ஸ்டாண்டுக்காரர்களுக்குத்தான் பயப்படுகிறார்.

"ஸ்டாண்டுல இருக்கறவங்க எல்லாம் டிரைவருங்கதானே? எல்லாருக்கும் ஒரே காதுதான் இருக்கும். நீங்க மைக்கு வெச்சிச் சொன்னாலும் எவனுக்குக் கேக்கப் போவுது?" என்றேன்.

அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரியே முகத்தை வைத்திருந்தார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று குனிந்து பார்த்தேன்.

இடது பக்கம்தான்.